நொறுக்குத் தீனி ஆசையைக் கடந்து சமைக்காத உணவுக்கு மாறுதல்: தோட்டப்புற ஊர்களில் இருப்போருக்கு ஒரு வழிகாட்டி

பழம், காய், கீரை, தேங்காய், கொட்டை, விதை, முளைகட்டிய பயறு ஆகியவற்றை மட்டும், ஏறத்தாழ 45 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேற்றாமல் உண்ணும் முறைக்கு மாற முனைவோரில் பலர் முதல் மாதத்திலேயே விட்டுவிடுகின்றனர். மதியச் சோற்றை அவர்களால் விட முடிகிறது. ஆனால் பத்து மணிக்குத் தின்னும் பரோட்டா போன்ற ரொட்டி சானாயையும், நான்கு மணி வடையையும், தொலைக்காட்சி முன் கொறிக்கும் முறுக்கையும் கச்சாங் பூத்தே எனும் வறுத்த கடலை பயறு வகைகளையும் விட முடிவதில்லை. மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள பீடோரில் இருந்துகொண்டு நான் இந்த மாற்றத்தைச் செய்தபோது கைக்குக் கிடைத்த குறிப்புகள் எல்லாம் நம் சந்தையில் காணக் கிடைக்காத பொருள்களையும், நம் சம்பளத்துக்கு எட்டாத கருவிகளையும் பற்றியே பேசின. செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள ஒரு சிறு பட்டணத்தில், சாதாரண வருமானத்தில் இதைச் செய்வோருக்காக இக்கட்டுரையை எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். நொறுக்குத் தீனி ஆசை என்று நாம் ஒரே பெயரில் சொல்வதற்குள் நான்கு வேறு வேறு தேவைகள் அடங்கியிருக்கின்றன: போதாத உணவால் வரும் உண்மையான பசி, உப்பு, தேத்தண்ணீரிலுள்ள காஃபின், வாய்க்கும் கைக்கும் ஆகிவந்த பழக்கம். ஒவ்வொன்றையும் தீர்க்கும் வழி வேறு. பசிக்குப் பழக்கத்தின் மருந்தைக் கொடுத்தால் ஆசை அடங்காது.

1. முதலில் தாள்களைச் சேருங்கள்

உணவை மாற்றுவதற்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே இரத்தப் பரிசோதனையை முடித்துக்கொள்வது நல்லது. பிறகு சோர்வு வந்தால் அது உணவால் வந்ததா, முன்பே இருந்ததா என்று சொல்வதற்கு உங்களிடம் சான்று இருக்க வேண்டும். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் 1 வெள்ளி (ரிங்கிட்). அடையாள அட்டை, சந்திப்பு அட்டை இருந்தால் அது, நீங்கள் உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியல், கடைசியாகச் செய்த பரிசோதனையின் முடிவு ஆகியவற்றை ஓர் உறையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். மருந்தின் பெயர் தெரியாவிட்டால் மருந்துப் பையையே கொண்டு போங்கள். அதன்மேல் பெயரும் அளவும் ஒட்டியிருக்கும்.

முழு இரத்த எண்ணிக்கை, மூன்று மாதச் சர்க்கரை அளவான எச்பிஏ1சி, கொழுப்பு, சிறுநீரகச் செயல்பாடு ஆகிய நான்கையும் கேளுங்கள். வைட்டமின் பி12, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் ஆகிய இரண்டும் வழக்கமான பரிசோதனையில் சேர்வதில்லை. இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகிய எதையும் இனி உண்ணப் போவதில்லை என்று மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொன்னால்தான் அவற்றின் தேவை அவருக்குப் புரியும். கிளினிக்கில் செய்ய வழியில்லையென்றால் தனியார் ஆய்வகத்தில் செய்யலாம். ஊருக்கு ஊர் விலை வேறுபடுவதால் முன்னதாகவே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். முழுத் தொகுப்பாக வாங்கச் சொல்வார்கள். உங்களுக்கு வேண்டியது அந்த இரண்டு மட்டுமே என்பதை மறவாதீர்கள்.

குறைந்த வருமானத்தினருக்கு அரசாங்கம் தரும் எஸ்டிஆர் உதவித் தொகை பெறுவோரில் 40 வயதை எட்டியவர்களும் அவர்களின் துணைவரும் பெக்கா பி40 எனும் அரசாங்கச் சுகாதாரத் திட்டத்தின்கீழ் இலவச உடல்நலப் பரிசோதனை செய்துகொள்ளலாம். தகுதி இருந்தும் பயன்படுத்தாமல் இருப்போர் நம்மிடையே நிறைய உண்டு. முடிவுத் தாளைக் கேட்டு வாங்கி, கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். “நார்மல்” என்று வாயால் சொன்னதை மட்டும் கேட்டுக்கொண்டு வந்துவிட்டால், மூன்று மாதம் கழித்து ஒப்பிட்டுப் பார்க்க எண்கள் இருக்கமாட்டா.

2. மருந்து உட்கொள்வோர் இதைப் படிக்காமல் தொடங்க வேண்டாம்

2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. ஆகவே இதைப் படிப்போரில் பலர் சர்க்கரை மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொண்டிருப்பீர்கள். சோற்றையும் ரொட்டியையும் திடீரென நிறுத்திவிட்டு, பழைய அளவிலேயே கிளிக்லாசைட் மாத்திரையோ இன்சுலினோ எடுத்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, எதையாவது உடனே தின்றாக வேண்டும் என்ற வெறி ஆகியவை அதன் அறிகுறிகள். இதை வெறும் நொறுக்குத் தீனி ஆசை என்று எண்ணிப் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பது பெரும் தவறு.

அத்தகைய நேரத்தில் விரலில் குத்திப் பாருங்கள். அளவு லிட்டருக்கு 4.0 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். பார்க்கும் கருவி கையில் இல்லையென்றாலும் முதலில் சீனித் தண்ணீரைக் குடித்துவிடுங்கள். அந்த வேளையில் சீனி கொதித்ததா கொதிக்காததா என்ற ஆராய்ச்சி வேண்டாம். மருந்தின் அளவைக் குறைப்பது மருத்துவரின் வேலை. நீங்களாகவே நிறுத்தக் கூடாது.

மெட்ஃபார்மின் எனும் நீரிழிவு மாத்திரையை நீண்ட காலம் எடுப்போருக்கு அம்மருந்தே பி12 அளவைக் குறைக்கவல்லது. அதன்மேல் பி12 இல்லாத உணவும் சேர்ந்தால் குறைபாடு விரைந்து வரும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்போர் கீரையைத் திடீரெனக் கூட்டினால் அம்மருந்தின் வேலை கெடும். சிறுநீரகம் பழுதடைந்தவர்கள் இளநீர், வாழைப்பழம் ஆகியவற்றிலுள்ள பொட்டாசியத்தைத் தாங்கமாட்டார்கள். பெலிம்பிங் எனும் நட்சத்திரப் பழத்தை அவர்கள் தொடவே கூடாது, அது மூளையைப் பாதித்து உயிரையே பறிக்கக்கூடியது. கருவுற்ற தாய்மார்கள், பாலூட்டுவோர், சிறு பிள்ளைகள், ஏற்கெனவே எடை குறைந்துள்ள முதியோர் ஆகியோர் முழுமையான சமைக்காத உணவுக்குப் போக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

3. எந்த நேரத்தில் எது கேட்கிறது என்று எழுதுங்கள்

பழைய உணவை உண்டுகொண்டிருக்கும்போதே ஒரு வாரம் இதைச் செய்யுங்கள். ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தில் நேரம், தின்ற பொருள், அதற்கு முன் கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்ற மூன்றை மட்டும் குறித்தால் போதும். விடியுமுன் எழுந்து தோட்டத்துக்கோ தொழிற்சாலைக்கோ போகிறவர்களுக்குப் பத்து மணிக்கு வரும் ஆசை பெரும்பாலும் உண்மையான பசி. மதியச் சோற்றுக்குப் பிறகு இரண்டு மணிநேரத்திலேயே வரும் ஆசை காஃபினாகவோ பழக்கமாகவோ இருக்கும். வெயிலில் வியர்த்து வீடு திரும்பியதும் முறுக்கு டின்னைத் தேடுவது உப்புக்காக. இரவு ஒன்பது மணிக்கு மேல் வருவது அநேகமாகக் கைக்கு வேலை கேட்கும் பழக்கம்.

இந்தப் புத்தகம் இல்லாமல் மேலே உள்ள நான்கையும் பிரித்தறிய முடியாது. கீழே சொல்லப்போகும் எல்லாமும் இதன்மேல்தான் நிற்கின்றன.

4. தேத்தண்ணீரைத் தனியாக, முன்னதாகவே குறையுங்கள்

உணவை மாற்றும் அதே நாளில் தேத்தண்ணீரையும் கோப்பியையும் நிறுத்துவது பலரும் விழும் குழி. காஃபினை நிறுத்திய 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கி, ஓரிரு நாளில் உச்சத்தை அடைந்து, ஒன்பது நாள் வரையிலும் நீடிக்கலாம். சோர்வு, எரிச்சல், கவனக் குறைவு ஆகியவையும் சேரும். உடலிலுள்ள நச்சு வெளியேறுகிறது என்று சிலர் இதற்கு விளக்கம் சொல்கிறார்கள். அதை நம்பாதீர்கள். இது காஃபின் பழக்கம் விடுபடும் வேதனை. மெல்லக் குறைத்தால் பெரும்பாலும் வராமலேயே தடுத்துவிடலாம்.

முதலில் தே தாரிக்கை விட்டுத் தே ஓவுக்கு மாறுங்கள். அதிலேயே பாலும் கெட்டிப்பாலும் போய்விடும். அடுத்துச் சீனியைப் பாதியாக்கி, பின் சீனியே இல்லாமல் கோசோங் என்று கேட்டு வாங்குங்கள். அதன்பின் மூன்று நான்கு நாளுக்கு ஒரு குவளை வீதம் எண்ணிக்கையைக் குறையுங்கள். நாளொன்றுக்கு நான்கு குவளை குடிப்பவருக்கு இரண்டு வாரத்துக்குமேல் ஆகும். இரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கும் நாள்களை இதற்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். மைலோவிலும் பாலுண்டு என்பதால் அதை மாற்றாகக் கொள்ள வேண்டாம். தேத்தண்ணீரோடு பிஸ்கட்டும் போய்விடும் என்பது இப்படியில் கிடைக்கும் பெரிய இலாபம், ஏனெனில் கிரீம் கிரேக்கரை யாரும் வெறும் வாயில் தேடித் தின்பதில்லை.

5. வயிறு நிறைய, கணக்குப் பார்த்து உண்ணுங்கள்

தோல்விக்கு முதற்காரணம் போதாத உணவு. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். ஒரு ரொட்டி சானாய் ஏறத்தாழ 300 கலோரி. அதே 300 கலோரியைப் பப்பாளியிலிருந்து பெற 700 கிராம் தின்ன வேண்டும். வெள்ளரிக்காயிலிருந்து பெற 2 கிலோ வேண்டும். காலையில் ஒரு தட்டுப் பப்பாளியும் வெள்ளரியும் சாப்பிட்டுவிட்டு, பத்து மணிக்கு மாமாக் கடையைக் கடக்கும்போது கால் தானாக நின்றால் அதில் உங்கள் மனவுறுதிக்கு எந்தக் குறையும் இல்லை. உடல் கேட்க வேண்டியதைக் கேட்கிறது.

ஆகவே ஒவ்வொரு வேளையிலும் கனமான பொருள் ஒன்று இருக்க வேண்டும். 50 கிராம் தேங்காய்ச் சில்லில் ஏறத்தாழ 175 கலோரி. 30 கிராம் பச்சை நிலக்கடலையில் 170. நடுத்தரமான வாழைப்பழத்தில் 100. டுரியான் 100 கிராமில் ஏறத்தாழ 150 உண்டு. பருவ காலத்தில், நீரிழிவு இல்லாதவர்களுக்கு, அதைவிட வயிற்றை நிறைக்கும் பழம் நம் நாட்டில் இல்லை. காலையில் மூன்று வாழைப்பழம், ஒரு பிடித் தேங்காய்த் துருவல், ஊறவைத்த நிலக்கடலை ஒரு பிடி, ஒரு கொய்யா என்று உண்டால் 650 கலோரிக்குமேல் சேர்ந்துவிடும். பத்து மணி கடந்தும் தாங்கும். நீரிழிவு உள்ளவர்கள் வாழைப்பழத்தை ஒன்றாகக் குறைத்துத் தேங்காயையும் கடலையையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

பீடோர் கொய்யாவுக்குப் பேர்போன ஊர் என்பதால் சொல்கிறேன்: 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்குமேல் வைட்டமின் சி இருக்கிறது, ஆரஞ்சில் இருப்பதுபோல் ஏறத்தாழ நான்கு மடங்கு. கீரையிலும் பயற்றிலும் உள்ள இரும்பை உடல் ஏற்றுக்கொள்ள இது துணைசெய்யும். கீரையையும் கொய்யாவையும் ஒரே வேளையில் உண்ணுங்கள்.

முழு நாளையும் ஒரேயடியாக மாற்றாதீர்கள். முதல் இரண்டு வாரம் காலை உணவை மட்டும் மாற்றுங்கள். மதியமும் இரவும் பால், முட்டை, இறைச்சி இல்லாத சமைத்த உணவாக இருக்கட்டும். அடுத்த இரண்டு வாரம் மதியத்தையும் மாற்றுங்கள். இரவுச் சோற்றைக் கடைசியில் விடுங்கள். நார்ச்சத்து திடீரெனக் கூடினால் வயிறு உப்பி, வலித்து, வாயு நிறைந்துவிடும். குடலுக்கு அவகாசம் தேவை. இரவில் ஒரு வேளை சமைத்த உணவோடு நின்றுகொண்டாலும் குற்றமில்லை என்றே நான் கருதுகிறேன். வீட்டில் எல்லாரும் ஒன்றாக அமர்ந்து உண்ணும் வேளையைக் காப்பாற்றிக்கொண்ட பலர் நீண்ட நாள் நிலைத்திருக்கிறார்கள்.

6. மொறுமொறுப்பும் உப்பும் காரமும்

இனிப்பைப் பழம் தீர்த்துவிடும். முறுக்கின் இடத்தை எந்தப் பழமும் நிரப்பாது. பல்லில் நொறுங்கும் சத்தம், உப்பு, காரம் ஆகிய மூன்றும் சேர்ந்து வர வேண்டும். அதற்கு எனக்குக் கைகொடுத்தவை இரண்டு.

ஒன்று செங்குவாங் எனும் நீர்ச்சத்துள்ள கிழங்கு. தோலையும் அதன் அடியிலுள்ள நார்ப் படலத்தையும் கத்தியால் இழுத்து உரித்துவிட்டு, விரல் தடிமனுக்கு நீளத் துண்டுகளாக வெட்டி, உப்புக் கரைத்த தண்ணீரில் கால் மணிநேரம் போட்டு, வடித்து, எலுமிச்சைச் சாறும் மிளகாய்த் தூளும் தூவிக் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். கடித்தால் ஆப்பிளைவிட உரக்க நொறுங்கும். மாங்காய், வெள்ளரி, கொய்யாக்காய் ஆகியவற்றோடு கலந்தால் ரோஜாக் எனும் காய் பழக் கலவை போலவே இருக்கும். கடை ரோஜாக்கின் கறுப்புக் குழம்பில் இறால் விழுது இருப்பதால் அதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். செங்குவாங்கில் உண்ணத்தக்கது கிழங்கு ஒன்றுதான். அதன் விதையும் இலையும் நஞ்சு.

மற்றது பச்சைச் சுண்டல். தோலோடுள்ள பச்சை நிலக்கடலையை முதலில் தட்டில் பரப்பி வெளிச்சத்தில் பாருங்கள். சுருங்கியது, கறுத்தது, பச்சையாகவோ மஞ்சளாகவோ பூஞ்சை படிந்தது, கசப்பது அனைத்தையும் எறியுங்கள். நம் ஈரக் காற்றில் கடலை எளிதில் பூசணம் பிடிக்கும். அதில் உண்டாகும் அஃப்ளாடாக்சின் கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சு, கழுவினாலும் போகாது. நல்ல கடலையை இரவு எட்டு மணிநேரம் ஊறவிட்டால் காலையில் பருத்து, தோல் விரல் பட்டதும் வழுக்கிக்கொண்டு வரும். தண்ணீரை வடித்து, பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, தேங்காய்த் துருவல், வெள்ளரி, உப்பு, எலுமிச்சை சேர்த்துப் பிசையுங்கள். தாளிக்காத குறை முதல் வாரத்தில் தெரியும்; கறிவேப்பிலையைக் கையால் கசக்கிப் போட்டால் அக்குறை பாதி தீர்ந்துவிடும்.

உப்பைப் பற்றிப் பயம் வேண்டாம். நொறுக்குத் தீனியோடு அதிலிருந்த உப்பும் போய்விடுவதால், வெயிலில் வேலை செய்வோருக்குத் தலைசுற்றலும் கால் பிடிப்பும் வரலாம். இரத்தக் கொதிப்பு இல்லாதவர்கள், மற்ற எல்லாவற்றையும் சேர்த்து நாளுக்கு ஒரு தேக்கரண்டிக்குள், அதாவது 5 கிராமுக்குள், உப்பை வைத்துக்கொள்ளலாம். அயோடின் சேர்த்த உப்பாகவே வாங்குங்கள். மீனும் பாலும் இல்லாத உணவில் அயோடின் கிடைக்க வேறு வழி அரிது.

இரவு கொறிப்புக்குப் பூசணி விதையையும் சூரியகாந்தி விதையையும் பச்சையாக வாங்கி, உப்பு நீரில் ஊறவைத்து, மிளகாய்த் தூள் பிசறி, சிறு உலர்த்தும் கருவியில் 45 டிகிரியில் பத்து பன்னிரண்டு மணிநேரம் வைத்தால் கச்சாங் பூத்தேக்கு ஈடாகும். வெயிலில் காயவைக்கலாம் என்று எண்ணாதீர்கள். தாப்பா, பீடோர் வட்டாரத்தில் பிற்பகல் மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. பாதி காய்ந்த விதை ஒரே இரவில் பூசணம் பிடித்துவிடும். கருவி இல்லாதவர்கள் இதை விட்டுவிட்டு முதலிரண்டோடு நிற்கலாம்.

இனிப்பு உருண்டை வேண்டுமானால் கொட்டை நீக்கிய பேரீச்சம்பழமும் வறுக்காத வெள்ளை எள்ளும் தேங்காய்த் துருவலும் சம அளவில் இடித்து உருட்டுங்கள். நோன்பு மாதத்தில் பேரீச்சம்பழம் எங்கும் குவிந்திருக்கும். அப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு இரண்டு உருண்டை போதும்.

7. முளைகட்டும்போது கவனம்

பாசிப்பயறு எளிது, மலிவு. எட்டு மணிநேரம் ஊறவைத்து, வடித்து, சுத்தமான துணியில் கட்டித் தொங்கவிட்டால் நம் வெப்பத்தில் ஒரே நாளில் முளை எட்டிப்பார்க்கும். ஆறு மணிநேரத்துக்கு ஒருமுறை, காய்ச்சி ஆறிய தண்ணீரில் அலசுங்கள். முளை அரை அங்குலம் வந்ததும் குளிர்ப்பெட்டியில் வைத்து இரண்டு நாளுக்குள் தின்றுவிடுங்கள். வழவழப்போ புளித்த வாடையோ இருந்தால் தயங்காமல் கொட்டுங்கள்.

முளைக்கு ஏற்ற வெப்பமும் ஈரமும் கிருமிக்கும் ஏற்றவை. 2011ஆம் ஆண்டில் ஜெர்மனியில் வெந்தய முளையால் பரவிய இ கோலை தொற்றில் 50 பேருக்குமேல் இறந்தனர். கிருமி விதைக்குள்ளேயே இருக்கக்கூடும் என்பதால் கழுவுவது முழுப் பாதுகாப்பாகாது. முதியோரும் நோயெதிர்ப்புக் குறைந்தோரும் முளையைக் கொதிநீரில் வேகவைத்தே உண்ண வேண்டும். சந்தையில் விற்கும் தௌகே எனும் பயற்று முளை சமைப்பதற்காக வளர்க்கப்படுவது. அதைப் பச்சையாகத் தின்னாதீர்கள்.

8. பச்சையாகத் தொடக்கூடாதவை

சிவப்புக் காராமணி என்று சிலர் சொல்லும் சிவப்பு கிட்னி பீன்ஸ், ஊறவைத்தாலும் முளைகட்டினாலும், நன்றாக வேகாமல் வயிற்றுக்குள் போகக் கூடாது; சில மணிநேரத்தில் கடும் வாந்தி வரும். மரவள்ளிக் கிழங்கும் மூங்கில் குருத்தும் பச்சையில் சயனைடை வெளிப்படுத்துபவை. சேம்பு வாயையும் தொண்டையையும் அரித்து வீங்கவைக்கும். பெத்தாய் எனும் நீண்ட காயின் விதையைப் பச்சையாக உண்ணலாம். ஆனால் அதனோடு விற்கப்படும் ஜெரிங் காயைப் பச்சையாகத் தின்று சிறுநீர் அடைத்து மருத்துவமனைக்குப் போனவர்கள் இந்நாட்டில் உண்டு.

வல்லாரையையும் உலாம் எனப் பச்சையாக உண்ணும் இலைகளையும் சாக்கடை ஓரத்தில் பறிக்காதீர்கள். இலை இலையாகப் பிரித்து ஓடும் நீரில் கழுவுங்கள்; நத்தையோ ஓடில்லா நத்தையோ ஒட்டியிருந்தால் அந்தக் கட்டையே எறிந்துவிடுங்கள், அவற்றிலுள்ள ஒரு புழு மூளைக் காய்ச்சலை உண்டாக்கும். தோட்டத்தில் மருந்து தெளிக்கும் பகுதிக்கு அருகில் வளர்ந்ததையும் விட்டுவிடுங்கள்.

கடையில் ஏமாற்றுபவையும் சில உண்டு. ஓட்டோடு கொறிக்க விற்கும் விதையான குவாச்சி வறுத்தது. பெட்டித் தேங்காய்ப்பால் சூடேற்றியது. அவலும் வெல்லமும் கூலா மெலாக்கா எனும் தென்னை வெல்லமும் கொதித்தவை. முந்திரி ஓட்டிலிருந்து எடுக்கும்போதே ஆவி காட்டப்படுவதால் பச்சை என்று எழுதியிருந்தாலும் பச்சையன்று. ஜெருக் எனும் ஊறவைத்த பழங்களில் பழத்தைவிடச் சீனியும் சாயமும் அதிகம்.

9. வீட்டுக்கு வெளியே

நான்கு மணிக்குப் பேருந்து நிலையத்தருகே வடைக்காரர் குவாலியில் முதல் ஈடு போடும்போது எழும் பெருஞ்சீரக மணத்தை எதிர்த்து யாரும் வாதாட முடியாது. அந்த வழியைத் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள். முடியாதவர்கள் மூன்றரைக்கே கையிலுள்ளதைத் தின்றுவிட வேண்டும். மூடியுள்ள சிறு டப்பாவில் சுண்டலோ தேங்காய்ச் சில்லோடு வாழைப்பழமோ எப்போதும் பையில் இருக்கட்டும். பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தைக்கும் வயிறு நிறைந்த பிறகே போங்கள். வெட்டிவைத்த பழத்தைவிட முழுப் பழம் வாங்குவது சுத்தத்துக்கும் விலைக்கும் நல்லது.

கல்யாண வீட்டிலும் திருவிழாவிலும் விளக்கம் சொல்லத் தொடங்கினால் அது முடியாது. “என்ன தம்பி, சீக்கா? ஒரு வடைதானே, சாப்பிடுங்க” என்று அத்தை வற்புறுத்தினால், “டாக்டர் இரத்தம் பார்த்துக்கிட்டு இருக்காரு அத்த, பழம் இருந்தாக் கொடுங்க” என்று சொல்லிப் பாருங்கள். அது உண்மையும்கூட. எதையாவது அவர் கையால் வாங்கி உண்பதே அவருக்கு வேண்டியது. வீட்டில் மற்றவர்களின் முறுக்கு டின்னை எறியச் சொல்லிச் சண்டையிடாதீர்கள். கண்ணில் படாத அலமாரிக்கு மாற்றித் தரும்படி கேளுங்கள், பெரும்பாலும் செய்வார்கள்.

10. செலவு

பருவத்துக்கேற்ப மாறினாலும் ஏறத்தாழ இப்படித் திட்டமிடலாம்: பப்பாளி கிலோ 3 முதல் 5 வெள்ளி, வாழைப்பழம் 5 முதல் 7, இளநீர் ஒன்று 4 முதல் 6, பச்சை நிலக்கடலை கிலோ 10 வெள்ளி அளவில். பாதாம் இவற்றைவிடப் பல மடங்கு விலை. அது இல்லாமலே எல்லாம் நடக்கும். ஒரு ரொட்டியும் ஒரு தே தாரிக்கும் நாளுக்கு இருமுறை வாங்குபவர் மாதத்தில் 200 வெள்ளிக்குமேல் அதற்கே கொடுக்கிறார். அந்தப் பணத்தைப் பழத்துக்குத் திருப்பினால் கூடுதல் சுமை பெரிதாக இராது. அரைக்கும் இயந்திரம் பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கும். உலர்த்தும் கருவியை மூன்று மாதம் நிலைத்த பிறகு வாங்குங்கள்.

தவிர்க்கவே முடியாத செலவு பி12 மாத்திரை. தாவர உணவில் நம்பத்தக்க பி12 இல்லை. ஸ்பைருலினா, கடற்பாசி ஆகியவற்றில் இருப்பதாகச் சொல்லப்படுவதில் பெரும்பகுதி உடலுக்குப் பயன்படாத வடிவம். நாளுக்கு 50 மைக்ரோகிராம், அல்லது வாரத்தில் இருமுறை 1000 மைக்ரோகிராம் எடுப்பது பொதுவான அளவு. வாங்கும்போது உறை ஜெலட்டினால் ஆனதா என்று பாருங்கள். அது விலங்கிலிருந்து வருவது. கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் குறைபாடு தெரியவே சில ஆண்டுகள் ஆகலாம். கீரையில் மிகுந்துள்ள ஃபோலேட் இரத்தச் சோகையை மறைத்துவிடுவதால், கை கால் மரத்துப்போன பிறகே பலருக்கு அது தெரிய வருகிறது. முதல் நாளிலிருந்தே தொடங்குங்கள்.

11. எந்த வாரத்தில் எதை எதிர்பார்க்கலாம்

முதல் வாரத்தில் ஆசை மிகக் கடுமையாக இருக்கும். இரண்டாம் வாரத்தில் வயிறு உப்புசம் தலைதூக்கும். அப்போது பச்சைக் கோஸ், வெங்காயம், பயறு ஆகியவற்றைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுங்கள். மூன்று நான்கு வாரத்துக்குள் நாக்கு குறைந்த உப்புக்கும் குறைந்த இனிப்புக்கும் பழகத் தொடங்கும். அதற்குப் பிறகும் தினமும் பொறிகலங்கும் பசி இருந்தால் ஐந்தாம் படிக்குத் திரும்பிக் கணக்கைப் பாருங்கள். புளிப்புப் பழம் தின்றதும் வாயைத் தண்ணீரால் கொப்பளியுங்கள். பல் துலக்க அரைமணி நேரம் பொறுங்கள்.

வாரம் ஒருமுறை ஒரே தராசில் எடை பாருங்கள். முயலாமலேயே மாதத்தில் உடல் எடையில் இருபதில் ஒரு பங்குக்குமேல் குறைந்தால், மாதவிடாய் நின்றால், முடி கொட்டினால், படி ஏற மூச்சு வாங்கினால், சமைத்த பருப்பையும் சோற்றையும் உடனே மீண்டும் சேர்த்துக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள்.

மூன்று மாதம் முடிந்ததும் அதே பரிசோதனைகளை மறுபடியும் செய்யுங்கள். எச்பிஏ1சி கடந்த இரண்டு மூன்று மாத நிலையைக் காட்டுவதால் அதற்குமுன் செய்வதில் பயன் குறைவு. பழைய முடிவுத் தாள், நேரம் குறித்த பயிற்சிப் புத்தகம், பி12 புட்டி ஆகிய மூன்றையும் உடன் கொண்டு போங்கள். கிளினிக்கில் உணவியல் அதிகாரி இருக்கிறாரா என்று பதிவு முகப்பில் கேளுங்கள். மருத்துவர் பரிந்துரைத்தால் அவரைச் சந்திக்கலாம், ஆனால் சந்திப்பு நாள் கிடைக்கப் பல வாரம் ஆகும் என்பதால் முதல் முறை போகும்போதே பெயரைப் பதிந்துவிட்டு வாருங்கள்.